மாமாவின் நாடி வாட்ச்

போன இதழில் பித்தளைப் பாத்திரம் துலக்குவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "எங்கள் வீட்டில் தங்க முலாம் பூசிய பழைய கைக்கடிகாரம் ஒன்று மங்கிப் போய்க் கிடக்கிறது. அதையும் புளி போட்டுத் தேய்க்கலாமா?"

அம்மா தாயே, வேண்டவே வேண்டாம்! புளியும் வேண்டாம், விபூதியும் வேண்டாம். இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நாற்பது வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொல்லாத கதை. இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்யாணமாகித் திருநின்றவூருக்கு வந்தது 1983-ல். அப்போது ஊர் இப்படி இல்லை. ஸ்டேஷனில் இறங்கினால் ஏரிக்காற்று முகத்தில் அடிக்கும். என் மாமனார் எல்.எம்.பி. டாக்டர். பாக்கம், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று சுற்று வட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் சைக்கிளிலேயே போய் வைத்தியம் பார்த்தவர். நான் வந்தபோது அவருக்கு வயதாகி விட்டது. ஆனாலும் காலையில் திண்ணையில் பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் கையில் ஒரு வாட்ச் இருக்கும். பினாங்கில் இருந்த அவருடைய அண்ணா 1950-களில் வாங்கிக் கொடுத்ததாம். சுவிஸ் வாட்ச். பொன் நிறக் கூடு, வெளுத்த டயல், அதற்குள்ளே இடமும் வலமும் இரண்டு குட்டி டயல். சாவி கொடுக்கிற திருகுக்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. எங்கள் அப்பா கல்யாணத்துக்கு எனக்கு வாங்கித் தந்தது எச்.எம்.டி. சுஜாதா. மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. காஞ்சன். அந்தக் காலத்தில் காஞ்சன் கிடைப்பது லேசில்லை, தெரியுமா? கல்யாணத் தேதி குறித்ததுமே சொல்லி வைத்துவிட்டு அலைவார்கள். "மாப்பிள்ளைக்குக் காஞ்சன் உண்டா?" என்று சம்பந்தி வீட்டில் கேட்பதும் உண்டு. சரி, அந்தப் பேச்சு இப்போது எதற்கு?

மாமாவின் வாட்சுக்குக் குரோனோகிராஃப் என்று பெயர். நேரம் காட்டுகிற வாட்சுக்குள்ளேயே ஒரு ஸ்டாப் வாட்சும் குடியிருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்களேன். மேல் பொத்தானை அழுத்தினால் நடுவிலிருக்கும் நீள முள் ஓட ஆரம்பிக்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் டக்கென்று 12-க்குத் திரும்பி வந்துவிடும். இத்தனை நடக்கும்போதும் மணி பாட்டுக்கு ஓடிக் கொண்டிருக்கும். காலத்தை எழுதுவது என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். 1821-ல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் ரியூசெக் என்ற கடிகாரக்காரர், குதிரை எல்லைக் கோட்டைத் தாண்டும் நேரத்தில் டயல் மேல் ஒரு சொட்டு மை வைக்கிற கடிகாரத்தைச் செய்து கொண்டு வந்தார். நிஜமாகவே எழுதிற்று! பிறகு மை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

பந்தயக் குதிரைக்குப் பிறந்தது டாக்டர் கைக்கு எப்படி வந்தது என்கிறீர்களா? மாமாவின் வாட்சில் டயல் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன எண்கள். 200, 180, 160 என்று ஆரம்பித்து இறங்கிக் கொண்டே வரும். கீழே பிரெஞ்சு மொழியில் பொடி எழுத்து. 30 துடிப்புக்கு அளவிடப்பட்டது என்று அர்த்தமாம். நோயாளியின் மணிக்கட்டில் விரலை வைத்துக் கொண்டு பொத்தானை அழுத்த வேண்டியது. 30 துடிப்பு எண்ணியதும் நிறுத்த வேண்டியது. நீள முள் எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறதோ, அதுதான் நிமிடத்துக்கு நாடித் துடிப்பு. பெருக்க வேண்டாம், வகுக்க வேண்டாம். 30 துடிப்புக்கு 25 வினாடி ஆனால் முள் 72-ல் நிற்கும். 15 வினாடியிலேயே முடிந்துவிட்டால் 120.

நாடியை விரலால் பார்க்கிற வித்தை நம் சித்த வைத்தியர்களுக்கு வெகு காலமாகத் தெரியும். மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் என்று சொல்லிவிடுவார்கள். மேல்நாட்டில் அதைக் கடிகாரம் வைத்து எண்ணலாம் என்று கிளம்பியவர் இங்கிலாந்தில் ஜான் ஃப்ளாயர் என்ற டாக்டர். சரியாக ஒரு நிமிடம் மட்டும் ஓடி நிற்கிற கடிகாரத்தைச் செய்யச் சொல்லி, 1707-ல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். மாமா இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சுவாரசியமாகச் சொல்வார். எங்கள் ஊரில் இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறதே, பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே கட்டிய கோயில். இருதயக் கோளாறு உள்ளவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து வேண்டிக் கொள்கிறார்கள். மாமா சிரித்துக் கொண்டே, "சாமியே இருதயத்தைப் பாத்துக்கறார். நான் சும்மா எண்ணிச் சொல்ற கணக்குப்பிள்ளை" என்பார்.

இப்போது என் லட்சணத்தைக் கேளுங்கள்.

1984, போகிக்கு முதல் நாள். வீடு முழுக்க வெள்ளையடித்து, பரண் இறக்கி, வெள்ளிச் சாமான் எல்லாம் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கியிருந்தேன். மாமா குளிக்கப் போயிருந்தார். மேஜை மேல் வாட்ச். இடுக்கெல்லாம் அழுக்கு, வியர்வைப் பிசுக்கு. புது மருமகள் அல்லவா? நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை. விபூதியை ஈரத் துணியில் தொட்டு நன்றாகத் தேய்த்தேன். பொத்தான் இடுக்கில் அழுக்குப் போகவில்லை என்று இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். அப்புறம் ஈரம் போகட்டும் என்று மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன்!

படிக்கிற உங்களுக்கே பகீர் என்கிறதா? எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் பார்த்தால் கண்ணாடிக்கு உள்ளே பனி படர்ந்த மாதிரி இருக்கிறது. கொம்பு மாதிரி நீட்டிக் கொண்டிருக்கும் நாலு முனைகளிலும் பொன் நிறம் போய்ப் பித்தளை தெரிகிறது. மாமா கையில் எடுத்துப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். "சாவி குடுக்க மறந்துட்டேன் போல இருக்கும்மா" என்று சட்டைப் பையில் போட்டுக் கொண்டார். அவ்வளவுதான். பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி கையில் கட்டியிருந்தார், ஓடிக் கொண்டிருந்தது. அப்பாடா, ஒன்றும் ஆகவில்லை என்று நானும் சமாதானம் ஆகிவிட்டேன். அந்த விஷயம் பிறகு பேச்சிலேயே வரவில்லை.

தங்க முலாம் என்பது எவ்வளவு மெல்லிசு என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வாட்ச் கூட்டில் 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று பொறித்திருப்பார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் இருக்கும். ஆக, 20 மைக்ரான் என்றால் முடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதுவே அந்தக் காலத்தில் கெட்டியான முலாம்! இன்றைக்கு வருகிற கவரிங் நகை பலவற்றில் ஒரு மைக்ரான்கூட இருப்பதில்லை. மாமா வாட்சில் பின் மூடி எவர்சில்வர். மீதிக் கூட்டில் பூசிய தங்கத்தை நானும் பையனும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். அரை கிராம் தேறினால் அதிகம். எனவே, "தங்க வாட்ச் இருக்கு" என்று பீரோவில் நகையோடு வைத்து மனக்கோட்டை கட்டாதீர்கள். அடகுக் கடையில் சிரிப்பார்கள்.

முலாம் தேய்ந்து அடி உலோகம் தெரிந்துவிட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. பித்தளையும் நிக்கலும் வியர்வையோடு சேர்ந்து மணிக்கட்டில் பச்சையாகவோ கறுப்பாகவோ படியும். நிக்கல் ஒத்துக் கொள்ளாதவர்களுக்கு அரிப்பும் தடிப்பும் வரும். கவரிங் கம்மல் போட்டுக் காது புண்ணாகிறதே, அதே சமாசாரம்தான். வீட்டுக்காரர் மணிக்கட்டைச் சொறிந்து கொண்டே இருந்தால் வாட்சைக் கழற்றச் சொல்லிவிட்டு, தோல் டாக்டரிடம் காட்டுங்கள். கம்மலுக்கு அடியில் நெயில் பாலிஷ் தடவுகிறோமே, அந்தக் கைவேலையைப் பழைய வாட்சில் காட்ட வேண்டாம்.

மாமா 1996-ல் போய்ச் சேர்ந்தார். வாட்ச் பீரோவுக்குள் போயிற்று. அதற்குள் காலமே மாறிவிட்டது. ஜப்பானில் சீக்கோ கம்பெனி 1969 டிசம்பர் 25 அன்று குவார்ட்ஸ் வாட்ச் ஒன்றைக் கடைக்குக் கொண்டு வந்தது. பாட்டரியில் ஓடுவது. சாவி கொடுக்க வேண்டாம், மாதத்துக்குச் சில வினாடிதான் தப்பும். நம் பக்கத்திலும் டாட்டாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் டைட்டன் கம்பெனியைத் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை வைத்து குவார்ட்ஸ் வாட்சுகளைக் கொண்டு வந்தார்கள். சாவி கொடுக்கிற வாட்சுக்கு மவுசு போயிற்று. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து 1961-ல் பெங்களூரில் ஆரம்பித்த எச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனியையும் மூடிவிடுவதென்று 2016-ல் மத்திய அரசு முடிவு எடுத்தது. என் சுஜாதா இன்னும் ஓடுகிறாள்!

சுவிட்சர்லாந்திலேயே பெரிய பெரிய கம்பெனிகள் ஆட்டம் கண்டன. அங்கே ஜெனித் என்ற கம்பெனியில் நடந்ததைக் கேட்டால் நமக்குப் பிடிக்கும். 1975-ல் அமெரிக்க முதலாளிகள், இனிமேல் குவார்ட்ஸ்தான், குரோனோகிராஃப் செய்கிற பழைய அச்சுகளையும் கருவிகளையும் தூக்கிப் போடுங்கள் என்று உத்தரவு போட்டார்கள். சார்ல் வெர்மோ என்ற தொழிலாளிக்கு மனசு வரவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றி, எது எதற்கு என்று சீட்டு எழுதி ஒளித்து வைத்துவிட்டார். 1980-களில் இந்த மாதிரி வாட்சுக்கு மறுபடி கிராக்கி வந்தபோது, அந்தப் பரண் சாமான்தான் கம்பெனிக்குக் கை கொடுத்தது. நாம் எதையாவது பரணில் போட்டு வைத்தால் மட்டும் வீட்டில் சத்தம் போடுகிறார்கள்!

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்கழி மாதம். பேரனுக்கு எட்டு மாதம். நாலு நாளாகச் சளி. அன்று ராத்திரி ஜுரமும் வந்தது. மருமகள் கஷாயம் கொடுக்கலாமா, தைலம் தடவலாமா என்று கேட்கிறாள். பால் குடிக்க மாட்டேன் என்கிறது குழந்தை. இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்குகிறது. பையன் ஷிப்டில் இருக்கிறான். மணி பதினொன்று.

எனக்கு மாமா ஞாபகம் வந்தது. குழந்தைக்குச் சளி என்று யார் வந்தாலும் அவர் முதலில் ஸ்டெதஸ்கோப்பை எடுக்க மாட்டார். "சட்டையைத் தூக்கும்மா. வயித்தை மட்டும் பாரு. பேசாதே" என்பார். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுசாக ஒரு நிமிடம் எண்ணுவார். பாதி நிமிடம் எண்ணி இரட்டிப்பது குழந்தைகளுக்கு ஆகாது, அதுகளுக்கு மூச்சு ஒரே சீராக வராது என்பார்.

பீரோவைத் திறந்து வாட்சை எடுத்தேன். சாவி கொடுத்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தூங்கிய வாட்ச், டிக் டிக் என்று ஓடிற்று! ஆனால் மேல் பொத்தானை அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறது. உள்ளே எண்ணெய் காய்ந்து இறுகிவிட்டது. கை நடுங்குகிறது எனக்கு. "அத்தை, அதைப் போட்டுட்டு சுவத்துக் கடிகாரத்தைப் பாருங்க" என்றாள் மருமகள். அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. ஹால் கடிகாரத்தின் வினாடி முள்ளை அவள் பார்த்துச் சொல்ல, நான் பேரன் வயிற்றைப் பார்த்து எண்ணினேன்.

56.

சந்தேகமாக இருக்கிறதே என்று கொஞ்சம் பொறுத்து, குழந்தை அழாமல் கண்ணயர்ந்தபோது மறுபடி எண்ணினேன். 57. விலாவுக்குக் கீழே மூச்சை இழுக்கும்போது குழி விழுகிறதா என்று பார்த்தேன். லேசாக விழுந்த மாதிரி இருந்தது. ஆட்டோவைக் கூப்பிட்டு ஆவடிக்கு விரைந்தோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "மூச்சு எண்ணினீங்களா?" எண்ணிக்கையைச் சொன்னோம். அவரும் எண்ணிப் பார்த்தார். நிமோனியா. ஆக்சிஜனும் ஊசி மருந்துமாக நாலு நாள் ஆஸ்பத்திரி. "விடியட்டும்னு இருந்திருந்தா சிரமமாப் போயிருக்கும்" என்றார். மருமகள் அப்போதுதான் அழுதாள். அதுவரை அழவில்லை.

இளம் தாய்மார்கள் இந்த எண்களை மட்டும் சமையல்கட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு இது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு என்றால் வேகமூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது முடியும்வரை 50. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை 40. குழந்தை அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணக் கூடாது. அமைதியாக மடியில் இருக்கும்போதோ தூங்கும்போதோ எண்ணுங்கள். சளி, இருமலோடு இந்த வேகம் இருந்தால் கஷாயத்தில் நேரம் போக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்கவே முடியாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ எண்ணிக் கொண்டிருக்கவே வேண்டாம், ஓடுங்கள். கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்கு மூச்சு எண்ணுவதற்கென்றே ஒரு நிமிட டைமரை யூனிசெஃப் கொடுத்து வந்தது என்றால் இதன் அவசியம் புரியும்.

பெரியவர்களுக்கு நாடி பார்ப்பதும் சுலபம்தான். கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலை வைக்காதீர்கள். அதற்குச் சொந்தத் துடிப்பு இருக்கிறது, உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 60 முதல் 100 வரை இருக்கலாம். கர்ப்பிணிகளுக்குப் பத்து, இருபது கூடுதலாக இருப்பது சகஜம். கைக்குழந்தைக்கு 100-க்கு மேல்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். துடிப்பு விட்டு விட்டு வந்தால் முழு நிமிடம் எண்ணி டாக்டரிடம் சொல்லுங்கள்.

பேரன் தேறி வந்ததும் பையனுக்கு வாட்ச் மேல் கண் விழுந்தது. ஆபீசில் அவனுடைய சிநேகிதர் ஒருவர் பழைய வாட்சுகளைச் சேகரிப்பவராம். ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ட்ரெயினில் வந்து இறங்கினார். காபி ஆறிப்போனது தெரியாமல் கண்ணில் லென்ஸை வைத்துக் கொண்டு அரை மணி பார்த்தார்.

அதற்குள் நான் ஒரு வேலை செய்திருந்தேன். பக்கத்து ஊர் ரிப்பேர் கடை ஒன்றில் காட்டியிருந்தேன். "டயலைப் புதுசா பெயின்ட் பண்ணி, கூட்டுக்கு மறுபடி முலாம் போட்டு, கண்ணாடி மாத்திக் குடுத்துடறேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும்" என்றார் அவர். சரி என்று சொல்ல வாய் எடுத்தேன். ஏதோ, பையனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இதைச் சொன்னதும் சேகரிப்பவர் லென்ஸைக் கழற்றிவிட்டு, "ஐயோ அம்மா, அதை மட்டும் பண்ணிடாதீங்க!" என்றார்.

அவர்கள் உலகமே தலைகீழாக இருக்கிறது, தெரியுமா? நாம் துலக்கித் துலக்கிப் பளபளப்பாக்குவதை அவர்கள் கெட்டுப் போனது என்கிறார்கள். மஞ்சள் பூத்த டயல், தேய்ந்த எழுத்து, கீறல் எல்லாம் அப்படியே இருக்க வேண்டுமாம். நம் நாட்டில் பழைய வாட்சுக்குப் புது டயல் பெயின்ட் அடித்து, வேறு வேறு வாட்சின் உறுப்புகளைப் பொருத்தி, "அந்தக் காலத்து அசல்" என்று விற்பது ஒரு பெரிய வியாபாரமே. எச்.எம்.டி.யும் தப்பவில்லை. எழுத்து தடிப்பாகவோ கோணலாகவோ இருந்தால், நிமிடக் கோடும் எண்ணும் நேர்கோட்டில் இல்லாவிட்டால், கூடு தேய்ந்திருக்க டயல் மட்டும் நேற்றுச் செய்த மாதிரி மின்னினால் சந்தேகப்பட வேண்டும் என்றார். பையனோ கணவரோ மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய வாட்ச் வாங்கக் கிளம்பினால் இதைச் சொல்லி வையுங்கள்.

மாமாவின் டயல் அசல்தானாம். நாடி அளவு போட்ட டயலுக்குத் தனி மதிப்பாம். ஒரு தொகை சொன்னார். பெரிய சொத்து ஒன்றும் இல்லை. ஆனால் புது கிரைண்டரும் பிரிட்ஜும் வாங்கி மிச்சமும் இருக்கும். பிறகு 4 மணிப் பக்கம் டயலில் இருந்த பழுப்புக் கறையைக் காட்டி, "என்னிக்கோ தண்ணி இறங்கியிருக்கு. கொம்பு நாலும் யாரோ தேச்சுத் தேச்சு முலாம் போயிருக்கு. இது ரெண்டும் இல்லேன்னா இதைப் போல ரெண்டு பங்கு தரலாம்" என்றார். யாரோவாம்! நான் காபி தம்ளரை எடுத்துக் கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவர் இன்னொன்றும் பார்த்தார். இருட்டில் முள் பச்சையாக ஒளிருகிற வாட்சா என்று. மாமாவுடையது இல்லை, நல்ல வேளை. 1960-கள் வரை அந்தப் பச்சைப் பூச்சில் ரேடியம் கலந்திருந்தார்கள். அமெரிக்காவில் 1917 முதலே அந்த டயல்களுக்கு வர்ணம் பூசியது எல்லாம் சின்னப் பெண்கள். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தாடை எலும்பு உளுத்து எத்தனையோ பேர் செத்தார்கள். ஐந்து பெண்கள் கேஸ் போட்டு 1928-ல் நஷ்ட ஈடு வாங்கினார்கள். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். பூச்சு ஒளிராமல் போனாலும் ரேடியம் உள்ளேயே இருக்கும். அந்த மாதிரி பழைய வாட்ச் இருந்தால் மூடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், குழந்தையிடம் விளையாடக் கொடுக்காதீர்கள்.

பாட்டரி வாட்சிலும் ஆபத்து இருக்கிறது. அந்தப் பொத்தான் பாட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக் குழாயைப் பொசுக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓட வேண்டும். ரிமோட்டிலும் பாட்டுப் பாடுகிற பொம்மையிலும் இருப்பது இதேதான். மூடி திருகாணியோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

வாட்சை விற்பதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. பையன் விற்கலாம் என்றான். இவர், "உங்க இஷ்டம்" என்று பேப்பருக்குள் புகுந்து கொண்டார். எனக்கு விற்றுவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த நாலு கொம்பையும் பார்க்காமல் இருக்கலாமே என்றுதான். மருமகள், "முதல்ல ஓடட்டும் அத்தை, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

சேகரிப்பவரே சென்னையில் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். எழுபது வயதுக்கு மேல். இந்த மாதிரி வாட்சை இன்னும் கையால் பிரித்துச் சேர்க்கிறவர். நானும் மருமகளும் போனோம். பின் மூடியைத் திறந்தார். உள்பக்கம் எவர்சில்வரில் ஊசியால் கீறின மாதிரி பொடிப்பொடியாக ஏதோ எழுதியிருக்கிறது. "இது என்னங்க?" என்றேன்.

"இதாம்மா வாட்சோட ஜாதகம். ரிப்பேர் பாத்தவங்க அவங்கவங்க குறியையும் தேதியையும் கீறி வெப்பாங்க. மறுபடி வந்தா தெரியணும் இல்ல?" என்று ஒவ்வொன்றாகப் படித்தார். 61. 68. 75. அப்புறம் ஒரு கீறலில் லென்ஸை வைத்துக் கொண்டு, "84, ஜனவரி. இதுல ஈரம்னு ஒரு குறி போட்டிருக்கான். சுத்தமாப் பிரிச்சு, துருப்பிடிச்ச உறுப்பை மாத்தியிருக்கான். நல்ல வேலைக்காரன். அன்னிக்கே இதுக்கு நிறைய செலவாயிருக்கும்மா" என்றார்.

84, ஜனவரி. போகி.

திரும்பி வரும்போது ட்ரெயினில் மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விபூதி, டூத் பிரஷ், மொட்டை மாடி எல்லாம். அவள் ஆவடி தாண்டும் வரை சிரித்துக் கொண்டே வந்தாள்.

வாட்ச் இப்போது ஓடுகிறது. தினம் காலையில் காபி போட்டதும் சாவி கொடுக்கிறேன். இறுகுகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் திருகக் கூடாது. நீள முள் ஓடும்போது கீழ்ப் பொத்தானைத் தொடக் கூடாது என்று பெரியவர் படித்துப் படித்துச் சொன்னார். தண்ணீர் பக்கமே ஆகாது. செல்போன் ஸ்பீக்கர், பிரிட்ஜில் ஒட்டுகிற காந்த பொம்மை இவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது. துடைக்க, உலர்ந்த மெல்லிசுப் பருத்தித் துணி மட்டும். புதுக் கைப்பையில் வருகிற சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். கேட்ட சகோதரியே, உங்கள் வாட்சுக்கும் இவ்வளவுதான் வைத்தியம்.

கொம்புக்கு மறுபடி முலாம் போடவில்லை. பேரன் இப்போது மழலை பேசுகிறான். வாட்சை என் கையில் பார்த்தால் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக் கொண்டு வந்து நிற்கிறான், எண்ணு என்று. நேற்று எண்ணினேன். 28.